பிளேன்டீயா, பால் தேத்தண்ணியா? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலைதான். வயது 31. உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் வேலை. போன வருடம் கொழும்பில் ஒரு மனநல வைத்தியர் என்னிடமும் அம்மாவிடமும் நிறையக் கேட்டுவிட்டு, எனக்கு ஓட்டிசம் (மற்றவர்களோடு பழகுகிற விதம் தானாக வராத, பிறப்பிலிருந்தே உள்ள ஒரு நிலை) இருக்கிறது, முந்தி என்றால் அஸ்பெர்கர் என்று எழுதியிருப்போம் என்றார். வீட்டில் யாரும் நம்பவில்லை. "நீ எல்லாரோடயும் சிரிச்சுக் கதைக்கிற பிள்ளைதானே" என்கிறா அம்மா. அந்தச் சிரிப்பு என் மச்சாளுடையது, பள்ளிக்கூடக் காலத்தில் அவளைப் பார்த்துப் பழகினது. கதைக்கிற விதம் ஒரு டீச்சருடையது. போனில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன்: செத்தவீட்டில் என்ன கேட்பது, சாமத்தியவீட்டில் என்ன சொல்வது, ஒருவர் பகிடி விட்டால் எவ்வளவு நேரம் சிரிப்பது. சீசனுக்கு ஆள் காணாது என்று என்னை முன் கவுண்டரில் நிற்க விடுவார்கள். நன்றாகச் செய்வதாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து லைட் போடாமல் குளியலறையில் இருப்பேன், யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

இப்போது பிரச்சினை வேறு. "பிளேன்டீயா, பால் தேத்தண்ணியா" என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு எது விருப்பம் என்று உண்மையாகவே தெரியாது. படிக்கிற இடமெல்லாம் முகமூடியைக் கழற்று, உண்மையான நீ வெளியே வருவாய் என்கிறார்கள். மற்றவர்களிடம் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தால் உள்ளே யார் மிச்சம்? கோட்டைப் பக்கம் மான்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றால் மட்டும் என் முகம் என்ன செய்கிறது என்று நான் யோசிப்பதில்லை. சில நாள் நான் இல்லாமல் போனாலும் யாருக்கும் ஒன்றும் குறையாது என்று தோன்றும். வீட்டில் கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளையாக வருகிறவரிடம் சொல்ல வேண்டுமா? அஸ்பெர்கர் என்ற பெயரைச் சொல்லக் கூடாது என்றும் சிலர் சொல்கிறார்கள், ஏன்?

க.

*

அன்புள்ள க.,

உங்கள் சம்மதத்தோடுதான் போடுகிறேன், ஹோட்டலைக் காட்டிக்கொடுக்கிற வரிகளை எடுத்துவிட்டேன். கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் மான்களுக்கும் கலியாணப் பேச்சுக்கும் நடுவில், யாரும் பார்க்காமல் போகட்டும் என்று வைத்த மாதிரி ஒரு வசனம் இருக்கிறது, நான் இல்லாமல் போனாலும் ஒன்றும் குறையாது என்று. அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

அந்த எண்ணம் வருகிற நாளில் நான் யார் என்ற ஆராய்ச்சியை நிறுத்திவிடுங்கள், அன்றைக்கு அதற்கு ஒரு பதிலும் வராது. 1926 என்பது இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி இலக்கம், இரவோ பகலோ எடுக்கலாம். வாய் திறக்கவே ஏலாத நாள் என்றால், எனக்கு எழுதிய அதே வசனத்தை வீட்டில் இருக்கிற ஒருவரிடம் போனில் காட்டுங்கள், விளக்கம் எதுவும் வேண்டாம். செத்தவீட்டுக்கு வசனம் எழுதி வைத்திருக்கிற உங்களுக்கு இதற்கு ஒன்று எழுதி வைப்பது பெரிய வேலை இல்லை. வைத்தியரிடம் அடுத்த முறை போகும்போது இதைச் சொல்லாமல் வராதீர்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இங்கிலாந்தில் சாரா கசிடி என்பவரும் கூட்டாளிகளும் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வில், தன்னை மறைத்து நடப்பது கூடின ஆட்களிடம் இந்த மாதிரி எண்ணமும் கூடவே இருந்தது. ஆகவே உங்கள் குணம் பிழை என்று நினைத்து அதை ஒளிக்க வேண்டாம். நீங்கள் சுமக்கிற பாரத்தோடு சேர்ந்து வருகிற எண்ணம் அது, வைத்தியர் கேட்டுப் பழகினதும்கூட.

சரி, இனி பெயருக்கு வருகிறேன்.

ஹான்ஸ் அஸ்பெர்கர் வியன்னாவில் இருந்த குழந்தை வைத்தியர். மற்றப் பிள்ளைகளோடு ஒட்டாத, ஆனால் பேச்சிலும் அறிவிலும் குறையாத சில சிறுவர்களைப் பற்றி 1944இல் எழுதினார். அதற்கு முன்பே, 1925இல், குரூன்யா சுக்கரேவா என்ற சோவியத் பெண் வைத்தியர் ஏறத்தாழ இதே மாதிரிப் பிள்ளைகளை விவரித்து எழுதிவிட்டார், ஆனால் அவருடைய பெயரை யாரும் எதற்கும் வைக்கவில்லை. (இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.) 1981இல் லோர்னா விங் என்ற பிரிட்டிஷ் மனநல வைத்தியர்தான் அஸ்பெர்கரின் பெயரை எடுத்து இந்த நிலைக்கு வைத்தார். 1994இல் அது அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது, 2013இல் அதே கையேட்டில் இருந்து எடுபட்டு ஓட்டிசம் என்ற பெரிய குடைக்குள் போனது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலும் 2022 முதல் அப்படித்தான். அப்புறம் 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாளர் வியன்னாப் பழைய ஆவணங்களைத் தோண்டி, ஹிட்லரின் நாசிக் கட்சிக் காலத்தில் அஸ்பெர்கர் சில பிள்ளைகளை அம் ஷ்பீகல்கிரண்ட் என்ற நிலையத்துக்கு அனுப்ப எழுதிக்கொடுத்திருந்தார் என்று காட்டினார். ஊனமுற்ற, நோயுற்ற பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்ட இடம் அது. சிலர் அந்தப் பெயரை வாயில் எடுக்க மாட்டோம் என்பது இதனால்தான். அந்தப் பெயரில்தான் முதன்முதலாகத் தங்களை அடையாளம் கண்டவர்கள் விடமாட்டோம் என்கிறார்கள், அவர்களிலும் பிழை சொல்ல முடியவில்லை. நான் எழுதும்போது ஓட்டிசம் என்றே எழுதுவேன். நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லும்போது எதையும் சொல்லலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்குக் கிடைத்த பெயரே முப்பது நாற்பது வருடத்துக்குள் வந்து, மாறி, போயும் விட்டது. உள்ளே தெரியாமல் கிடக்கிற இடத்தை அந்தப் பெயரைக் கொண்டு நிரப்பிவிடலாம் என்று நினைத்தால் அது அதற்குக் காணாது. ஏன் கவுண்டரில் நின்றால் உங்களுக்கு மட்டும் இவ்வளவு களைப்பு என்று அது சொல்லும். நீங்கள் யார் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

இனி முகமூடி. 2017இல் லோரா ஹல்லும் கூட்டாளிகளும் ஓட்டிசம் உள்ள 92 பெரியவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். ஏன் மறைக்கிறீர்கள் என்றதற்கு, ஒட்டிப்போவதற்கு, வேலை கிடைப்பதற்கு, சிநேகிதம் பிடிப்பதற்கு என்று சொன்னார்கள். செய்து முடித்தால் என்ன என்றதற்குக் களைப்பு என்றார்கள், தனியே இருந்தால்தான் சரியாகும் என்றார்கள். அவர்களில் சிலர் சொன்னது அப்படியே உங்கள் கடிதம்: நான் ஆளை ஏமாற்றுகிறேன், நான் யார் என்று எனக்கே பிடிபடவில்லை. ஹல்லும் கூட்டாளிகளும் பிறகு 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாக்கொத்துச் செய்தபோது மறைப்பதை மூன்றாகப் பிரித்தார்கள். வராததை மனப்பாடம் பண்ணி ஈடுகட்டுவது, முகத்தையும் கையையும் அடக்கி வைத்திருப்பது, இந்த இடத்தில் நடிக்காமல் தப்ப ஏலாது என்று கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது. உங்கள் போனில் இருக்கிற குறிப்பு முதலாவது. கவுண்டருக்குக் கீழே கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதாக எழுதியிருந்தீர்களே (அந்த வரியை மேலே போடவில்லை), அது இரண்டாவது. பெரியம்மா வீட்டுக் கலியாணத்தில் கடைசி வரை நின்றது (அதையும் மேலே போடவில்லை) மூன்றாவது.

அந்தக் குறிப்பை எனக்குத் தனியாக அனுப்பியிருந்தீர்கள். அதில் ஒரு பகுதியைப் போடலாம் என்றீர்கள், போடுகிறேன். "செத்தவீடு: முதலில் கையைப் பிடி. எப்ப நடந்தது என்று கேள். வருத்தமாக இருந்தவரா என்று கேள். வயதைக் கேட்டபின் 'அடடா' இல்லாவிட்டால் 'பரவாயில்லை, வாழ்ந்த ஆள்'. 70க்கு மேல் என்றால் இரண்டாவது. சாப்பாடு நல்லா இருக்கு என்று சொல்லாதே (2014)." அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிற வருடத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும், பிறகு கொஞ்ச நேரம் சிரிக்க முடியவில்லை. இதை எழுதினவள் பொய்க்காரி என்றுதானே நினைக்கிறீர்கள். நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். செத்தவீட்டுக்குப் போகிற பாதிப் பேர் எதைக் கேட்டோம், எதைச் சொன்னோம் என்ற யோசனையே இல்லாமல் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்துவிட்டு வருகிறவர்கள். அந்த வீட்டு ஆட்களைப் புண்படுத்தக் கூடாது என்பதற்காக வயதெல்லை போட்டு யோசித்த ஒருவரை எனக்கு இப்போதுதான் தெரியும். மச்சாளின் சிரிப்பு மச்சாளுடையதாக இருக்கலாம், ஆனால் எந்தச் சிரிப்பை எடுப்பது, யாருக்கு முன்னால் போடுவது, எங்கே நிறுத்துவது என்று இவ்வளவு காலமும் பார்த்துப் பார்த்து முடிவெடுத்தது யார்? அவளும் நீங்கள்தான். எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தாலும் எடுத்த ஆள் மிஞ்சுவாள்.

இதைச் சொன்னதும் யாராவது வந்து "இது என்ன பெரிய விஷயம், எல்லாரும்தான் நடிக்கிறோம்" என்பார்கள். எங்கள் ஊரில் அதைச் சொல்வது இன்னும் சுலபம். மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர் ஒரு வாடிக்கையாளருக்குச் சிங்களத்திலும் அடுத்தவருக்குத் தமிழிலும் மூதூர்க்காரருக்கு அவருடைய பேச்சிலும் கதைக்கிறார், குரலே மாறுகிறது. சண்டைக் காலத்தில் செக் பொயின்டில் எந்த முகத்தோடு நிற்பது, கையை எங்கே வைப்பது என்று பழகாத ஆள் இங்கே என் வயதில் இருக்க முடியாது. உண்மைதான், நாங்களும் போட்டோம். ஆனால் செக் பொயின்ட் தாண்டி பஸ்ஸில் ஏறி இருந்ததும் ஒரு பெருமூச்சு வரும் பாருங்கள், தோள் இறங்கும். உங்களுக்குச் சொந்தப் பெரியம்மா வீடும் செக் பொயின்ட். அதோடு நாங்கள் எதை மறைத்தோம் என்று எங்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்தால் அது வைத்த இடத்தில் இருக்கும். நீங்கள் எட்டு ஒன்பது வயதில் தொடங்கியிருக்கிறீர்கள், எதை மறைக்கிறோம் என்று தெரிகிற வயதுக்கு முன்னமே. இரண்டையும் ஒன்று என்று சொல்கிறவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தேத்தண்ணிக் கேள்விக்கு வருகிறேன், அதுதான் உங்களை உண்மையில் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். விருப்பம் தெரியவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டீர்கள். இதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. தன் உடம்பிலும் மனதிலும் நடப்பதை இன்னதென்று பிரித்துச் சொல்ல வராத நிலை ஒன்று உண்டு, வைத்தியர்கள் அதை அலெக்சிதைமியா என்பார்கள். ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இது இருக்கிறது, மற்றவர்களிடம் இருபதில் ஒருவரிடம் இருந்தால் உண்டு. பசியா, பயமா, கோபமா என்று உடனே தெரியாது. மூன்று மணித்தியாலம் கழித்துத் தலையிடி வந்தபின்தான் ஓ, எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று தெரியும். விருப்பு வெறுப்பு எல்லாம் இருக்கும், செய்தி மட்டும் பிந்தித்தான் வந்து சேரும். கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டு கேட்கிறபோது அதற்குள் வந்து சேராது, அவ்வளவுதான். ஒரு கிழமைக்கு வீட்டில் பிளேன்டீ மட்டும் குடியுங்கள், அடுத்த கிழமை பால் தேத்தண்ணி. எது முடியும் முன்னமே ஆறிப்போய்க் கிடக்கிறது என்று கோப்பையைப் பாருங்கள். உங்களுக்குள்ளே தேடிக் கண்டுபிடிப்பதைவிட இது சுலபம். நீங்கள் கணக்குப் பார்க்கிற ஆள், பார்த்துக் குறித்து வைத்தால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

எனக்கு ஒருவரைத் தெரியும், ஓய்வுபெற்ற ஆசிரியர். மகளுடைய பிள்ளையை ஓட்டிசம் என்று சொன்னபோது அந்த அறிகுறிகளைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், வைத்தியரிடம், "இது எனக்கும் இருக்கே" என்றாராம். வகுப்பில் தன்னைப் படிப்பித்த கணித வாத்தியாராகவும் வீட்டில் தன் தகப்பனாகவும் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் முன்னாள் செயலாளராகவும் நடந்து வந்ததாகச் சொல்வார், தொண்டைச் செருமல் உட்பட. அவர் பின்னேரங்களில் உட்துறைமுக வீதியில் பழைய தொலைநோக்கி ஒன்றோடு நிற்பார். சீனன்குடா மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டுவருகிற கப்பல்களைப் பார்ப்பதற்கு. கப்பலின் பெயர், கொடி, வந்த நாள் எல்லாம் கொப்பியில் இருக்கும். கப்பலின் முன்பக்கத்தில், அணியத்தில், அடிமட்டம் மாதிரி வெள்ளை இலக்கங்கள் இருக்கின்றன இல்லையா, வரும்போது தண்ணீர் எந்த இலக்கத்தில் நிற்கிறது, இறக்கி முடிந்து போகும்போது எதில் நிற்கிறது என்று எழுதுவார், கப்பல் எவ்வளவு மேலே வந்தது என்பதில் இருந்து எவ்வளவு இறக்கியிருப்பார்கள் என்று ஒரு கணக்குப் போடுவார். ஒருநாள் பக்கத்தில் நின்றேன். எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. இலக்கத்தை வாசித்து முடித்துவிட்டு, என்னைத் திரும்பிப் பாராமலே, தண்ணீரின் உப்பு கூடினால் கப்பல் கொஞ்சம் மேலே நிற்கும், அதையும் கழிக்க வேண்டும் என்று கால் மணித்தியாலம் சொன்னார். செருமல் இல்லை. குரல் தட்டையாக, கொஞ்சம் வேகமாக, கேட்க நன்றாக இருந்தது. அவரிடம் அப்போது போய் நீங்கள் யார் என்று கேட்டிருந்தால் எரிச்சல்பட்டிருப்பார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். முகமூடிக்குக் கீழே ஏற்கெனவே செய்து முடித்த முகம் ஒன்று காத்திருக்கிறது, கழற்றினால் தெரியும் என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். யாருக்கும் அப்படி ஒன்று இல்லை என்பது என் அபிப்பிராயம். உங்கள் கவனம் தானாக எங்கே போகிறது, எங்கே நின்றால் முகத்தை மறந்துபோகிறீர்கள், எதற்குப் பிறகு உடம்பு விழுந்துபோகிறது, எதற்குப் பிறகு விழவில்லை என்று பாருங்கள். ஒன்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மான்கள். அதை ஒரு ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள், சின்ன விஷயம் என்று நினைத்து. அங்கே போய் நின்று என்ன பார்க்கிறீர்கள்? கொம்பையா, காதையா, அவை பஸ்ஸுக்கு வழிவிடாமல் நிற்கிற விதத்தையா? அதை எழுதுங்கள். இந்தப் பட்டியல் மெல்ல மெல்ல நீளும், நீளும்போது ஆள் தெரிய வரும். மச்சாளின் சிரிப்பில் ஒரு பங்கும் அதில் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், இவ்வளவு வருடம் சிரித்தபின் அது அவளுக்கு மட்டும் சொந்தமில்லை.

அதற்காக நாளைக்கே எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டாம். வேலை போகலாம், சொந்தக்காரர் வாய் உங்களுக்குத் தெரியும். டேமியன் மில்டன் என்பவர், தானும் ஓட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு வாதம் வைத்தார்: ஓட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களை விளங்கவில்லை என்று மட்டும் சொல்கிறீர்கள், மற்றவர்களுக்கும் அவரை விளங்கவில்லையே, இது இரண்டு பக்கமும் உள்ள பிரச்சினை என்று. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ஆனால் மற்றப் பக்கம் தன் பங்கைச் செய்யும் என்று எதிர்பார்த்துக்கொண்டு பெரியம்மா வீட்டு வாசலில் நிற்க முடியாது. ஆபத்தில்லாத இடங்களில், கொஞ்சமாகக் குறையுங்கள். அம்மாவோடு சமைக்கும்போது கண்ணைப் பார்க்காமல் கதையுங்கள், ஒன்றும் ஆகாது. பத்திரகாளி அம்மன் கோயிலில் மேளம் தாங்க ஏலாது என்றால் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு போங்கள், அம்மன் கோபிக்க மாட்டா.

கலியாணம். சொல்ல வேண்டும். இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. நாள் குறிக்க முன் சொல்ல வேண்டும், நீங்களே சொல்ல வேண்டும், புரோக்கர் மூலம் போகக் கூடாது. சாதகத்தைக் கையில் வைத்துப் பத்துப் பொருத்தமும் பார்ப்பார்கள், இந்தப் பிள்ளைக்கு ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்வந்தால் எத்தனை மணித்தியாலம் தனியறை வேண்டும் என்று யாரும் பார்ப்பதில்லை. அதைத்தான் அவரிடம் சொல்லுங்கள். ஓட்டிசம் என்று தொடங்கினால் அவர் போனில் தேடி எங்கேயோ ஒரு சின்னப் பிள்ளையின் வீடியோவைப் பார்த்துவிட்டு வருவார். சனம் கூடின இடத்துக்குப் போனால் வந்து கொஞ்ச நேரம் கதைக்க மாட்டேன், அது கோபம் இல்லை. மறைமுகமாகச் சொன்னால் எனக்கு விளங்காது, நேரே சொல்லுங்கள். எது விருப்பம் என்று கேட்டால் பதில் பிந்தித்தான் வரும். இப்படிச் சொல்லிவிட்டுக் கடைசியில் பெயரைச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தாலும் சரி. யோசிக்க நேரம் கேட்கிற ஆள் என்றால் பயப்பட வேண்டாம், அது நல்ல ஆளாகவும் இருக்கலாம். "அதெல்லாம் ஒண்டுமில்லை, கலியாணம் கட்டினா சரியாகிடும்" என்று உடனே சிரிக்கிறவரோடுதான் நான் இன்னும் கொஞ்சம் கதைத்துப் பார்ப்பேன். இல்லையென்று போகிற ஆளும் வரலாம். அது கலியாணத்துக்குப் பிறகு நடப்பதைவிட நல்லது, அம்மாவுக்கு இப்போது இது விளங்காவிட்டாலும்.

வேலையிடத்தில் சொல்ல வேண்டியதில்லை என்றே எனக்குப் படுகிறது, எங்கள் ஊர் ஹோட்டல்களில் இதை விளங்கிக்கொள்கிற மனேஜர்மார் இன்னும் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். ஆனால் கவுண்டர் விஷயத்தை அப்படியே விட முடியாது. இப்படி வருடக்கணக்கில் இழுத்தால் களைப்பு மாதக்கணக்கில் நீண்டு, தெரிந்த வேலையே கை வராமல் போகிற நிலைக்கு வந்துவிடும். ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இதைத் தாங்களே விவரித்திருக்கிறார்கள், குளியலறையில் லைட் போடாமல் இருப்பதாக நீங்கள் எழுதினதை அதன் தொடக்கம் என்று நான் எடுக்கிறேன். சீசன் தொடங்க முன், அதாவது மார்ச்சிலேயே, போய்க் கேளுங்கள்: இரவுக் கணக்கு முடிப்பது, பில் சரிபார்ப்பது இரண்டையும் நான் எடுக்கிறேன், கவுண்டருக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று. காரணம் கேட்டால் கணக்கில் பிழை வராமல் பார்க்க நேரம் காணாது என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. மாட்டோம் என்றால் கவுண்டரில் நிற்கிற நேரத்தையாவது பாதியாகக் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா